அடிக்கடி பேரிடர் வர்ற இடத்துல வளர்ற குழந்தைக்கு உடம்பு ஏன் தேற மாட்டேங்குது?

ஒரு பெரிய வெள்ளமோ புயலோ வந்தா முதல் ஒரு வாரம் எல்லாரோட கவனமும் அங்கதான் இருக்கும், எத்தனை பேர் செத்தாங்க, எத்தனை வீடு இடிஞ்சுது, எத்தனை ஏக்கர் மூழ்கிச்சுன்னு கணக்கு வரும், தண்ணி வடிஞ்சதும் அந்தக் கணக்கையும் மூடிடுவாங்க. ஆனா அந்த இடத்துல எட்டு மாசமோ ஒண்ணரை வயசோ ஆன ஒரு குழந்தை இருந்தா அதுக்கு பாதிப்பு அப்போதான் ஆரம்பிக்குது. வீட்டுல சம்பாத்தியம் நின்னு போயிருக்கும், பால் முட்டை வாங்கறது குறைஞ்சிருக்கும், கிடைக்கிற தண்ணி சுத்தமா இருக்காது, அம்மா காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வீட்டை சரி பண்றதுலயும் நிவாரணத்துக்கு வரிசையில நிக்கிறதுலயும் இருப்பாங்க, குழந்தைக்கு அடிக்கடி வயித்தால போகும். இதுல எதுவுமே செய்தியா வர்ற அளவுக்கு பெருசா தெரியாது. ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு அந்தக் குழந்தையைப் படுக்க வச்சு நீளம் அளந்து பாத்தாதான், வயசுக்கு வளந்திருக்க வேண்டிய அளவுல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் குறையுதுன்னு தெரிய வரும்.

ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம், அப்புறம் வளந்துக்குமேன்னு தோணலாம். அங்கதான் சிக்கலே.

குழந்தைங்க ஊட்டச்சத்தை ரெண்டு விதமா அளக்கறாங்க. ஒண்ணு உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்கறது, இது குறைஞ்சா மெலிவு, அதாவது சமீபத்துல சாப்பாடு கிடைக்கல இல்லன்னா சமீபத்துல நோய் வந்திருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு வயசுக்கு ஏத்த உயரம் இருக்கான்னு பாக்கறது, இது குறைஞ்சா வளர்ச்சி குன்றல், இது ரொம்ப நாளா உள்ளுக்குள்ள நடந்த குறையோட விளைவு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலை வச்சுத்தான் இப்போ பெரும்பாலான நாடுகள்ல பாக்கறாங்க, அதுக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல நல்லபடியா தாய்ப்பால் குடிச்சு வளந்த குழந்தைங்களை அளந்திருந்தாங்க. அந்த ஆய்வு காட்டின முக்கியமான விஷயம், எந்த நாடா இருந்தாலும் எந்த இனமா இருந்தாலும் வசதியும் கவனிப்பும் சரியா இருந்தா அஞ்சு வயசு வரைக்கும் குழந்தைங்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்றாங்க. அதனால "எங்க பக்கம் எல்லாருமே குள்ளம்தான்"னு சொல்றது இந்த சின்ன வயசுக்கு அவ்வளவா பொருந்தாது. 2022 கணக்குப்படி உலகத்துல அஞ்சு வயசுக்குக் கீழ 14.8 கோடி குழந்தைங்க வளர்ச்சி குன்றியும், 4.5 கோடி குழந்தைங்க மெலிஞ்சும் இருந்தாங்க.

மெலிஞ்ச குழந்தையைக் கண்ணால பாத்தே சொல்லிடலாம், விலா எலும்பு தெரியும், கை குச்சியா இருக்கும். வளர்ச்சி குன்றின குழந்தை அப்படி இல்ல. ரெண்டரை வயசுக் குழந்தை ஒண்ணரை வயசுக் குழந்தை மாதிரி தெரியும், கன்னம் கூட கொழுகொழுன்னு இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே உயரம்தான் இருக்கும் ஏன்னா அதுவும் அதே வெள்ளத்தைப் பாத்த குழந்தை. ஊரே அப்படி இருக்கும்போது குறைன்னு யாருக்கும் படறதில்ல.

இப்போ வயசு விஷயத்துக்கு வரேன், இந்த மொத்த கதையும் இதுலதான் அடங்கியிருக்கு. கரு உண்டானதுல இருந்து ரெண்டாவது பிறந்தநாள் வரைக்கும் கிட்டத்தட்ட 1000 நாள். முதல் ஒரு வருஷத்துல மட்டும் குழந்தை சுமார் 25 சென்டிமீட்டர் வளருது, பிறந்த எடை மூணு மடங்கு ஆகுது, ரெண்டு வயசு முடியறதுக்குள்ள மூளை பெரியவங்க மூளையோட அளவுல 80 சதவீதத்தைத் தொட்டுடுது. வாழ்க்கையில இவ்வளவு வேகமா வளர்ற காலம் மறுபடி வராது, அதனால இந்தக் காலத்துல மூணு மாசம் தடைபட்டா அது பத்து வயசுப் பையனுக்கு மூணு மாசம் தடைபடற மாதிரி கிடையாது.

இதை ரொம்ப தெளிவா காட்டின ஒரு ஆய்வு ஜிம்பாப்வேல நடந்தது. ஜான் ஹாடினாட், பில் கின்சின்னு ரெண்டு ஆய்வாளர்கள் அங்க கிராமத்துக் குடும்பங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து அளந்துட்டு இருந்தாங்க, நடுவுல 1994-95ல வறட்சி வந்துது. வறட்சி நேரத்துல 12 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள்ள இருந்த குழந்தைங்க ஒன்றரை முதல் ரெண்டு சென்டிமீட்டர் வளர்ச்சியை இழந்திருந்தாங்க. அதே வறட்சி, அதே ஊர், ஆனா ரெண்டு வயசைத் தாண்டின குழந்தைங்க கிட்ட இந்தக் குறை தெரியல. அப்புறம் மழை பெஞ்சு விளைச்சல் திரும்பின பிறகும் அந்த சின்னக் குழந்தைங்க இழந்ததை முழுசா பிடிக்க முடியல. ஆடு மாடு இருந்த வீடுகள்ல பாதிப்பு குறைவு, இல்லாத வீட்டுலதான் அடி. ஒரே வறட்சியில அண்ணன் தப்பிச்சிடறான், தம்பி மாட்டிக்கறான், காரணம் பிறந்த தேதி மட்டும்தான். இதே நாட்டுல 1970-களோட கடைசியில நடந்த போர், 1980-களோட தொடக்கத்துல வந்த வறட்சி காலத்துல குழந்தையா இருந்தவங்களை அவங்க டீனேஜ் ஆனப்போ மறுபடி பாத்தாங்க, குட்டையா இருந்தது மட்டும் இல்ல, பள்ளிக்கூடத்துல லேட்டா சேர்ந்திருந்தாங்க, குறைவான வகுப்புதான் படிச்சிருந்தாங்க.

சரி, இது எப்படி நடக்குது? சாப்பாடு கிடைக்கல அதனால வளரலன்னு ஒரே வரியில சொல்லிட முடியாது. நிறைய இடத்துல அரிசியோ கோதுமையோ நிவாரணமா வந்துடுது, வயிறு ஒரு அளவுக்கு நிறைஞ்சிடுது. குறையறது வேற.

ஒரு குடும்பத்துக்கு வருமானம் விழுந்தா முதல்ல எதை வெட்டும்னு யோசிச்சு பாருங்க. தானியத்தை வெட்டாது, அதை வெட்டினா எல்லாருக்கும் பட்டினி. பால், முட்டை, மீன், கறி, பழம், பருப்பு, இதெல்லாம்தான் முதல்ல போகும். பெரியவங்க உடம்பு சில மாசம் இதைத் தாங்கிக்கும். ஆனா ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையோட வயித்துல ஒரு நேரத்துக்கு கொஞ்சம்தான் பிடிக்கும், எட்டு மாசக் குழந்தைக்கு 200 மில்லி சொச்சம், அதுக்குள்ள இரும்புச்சத்து, துத்தநாகம், புரதம், கொழுப்பு எல்லாம் அடங்கியாகணும், ஆறு மாசத்துக்கு மேல குழந்தைக்குத் தேவையான இரும்புச்சத்துல பெரும்பகுதி தாய்ப்பால்ல இருந்து கிடைக்காது, இணை உணவுல, அதாவது தாய்ப்பாலோட கூட கொடுக்கற சாப்பாட்டுல இருந்துதான் வரணும். அங்க வெறும் தானியக் கஞ்சியை அதுவும் தண்ணியா கரைச்சு ஊத்தினா வயிறு நிறையும், குழந்தை அழுகையை நிறுத்தும், ஆனா வளர்றதுக்கான சரக்கு அதுல இருக்காது. எட்டு உணவு வகைல தாய்ப்பாலும் ஒண்ணுன்னு வச்சுகிட்டு ஒரு நாளைக்கு அஞ்சாவது கிடைக்கணும்னு ஒரு குறைந்தபட்ச அளவு வச்சிருக்காங்க, பேரிடர் நடந்த வீட்டுல அது ரெண்டு மூணுல நின்னுடும்.

பிலிப்பைன்ஸ்ல சூறாவளி வராத வருஷமே கிடையாது. அங்க ஜெஸ்ஸி ஆன்டில்லா-ஹியூஸ், சாலமன் சியாங்னு ரெண்டு பேர் பல வருஷத்து சூறாவளிப் பாதையையும் குடும்பங்களோட செலவுக் கணக்கையும் ஒண்ணா வச்சு பாத்தாங்க. சூறாவளிக்கு அடுத்த வருஷம் குடும்ப வருமானம் சராசரியா 6.6 சதவீதம் குறையுது, செலவைக் குறைக்கும்போது கறி, பால், முட்டை, பழம், மருந்து, படிப்பு இதுலதான் அதிகமா கை வைக்கறாங்க. இதைவிட மனசைப் பிசையற விஷயம், சூறாவளி அடிச்சு முடிச்ச அடுத்த வருஷத்துல பெண் குழந்தைங்க இறப்பு ஏறுது, அவங்க கணக்குப்படி காத்துலயும் தண்ணியிலயும் நேரடியா செத்தவங்களைப் போல சுமார் 15 மடங்கு. புயல் நேரத்துல அந்தக் குழந்தைங்கள்ல நிறைய பேர் பிறக்கவே இல்ல. வீட்டுல ஏற்கனவே பெரிய குழந்தைங்க, அதுலயும் அண்ணன்கள் இருந்தா ஆபத்து இன்னும் கூடுது. இதுக்கு அம்மா அப்பா கெட்டவங்கன்னு அர்த்தம் எடுத்துக்கக் கூடாது, இருக்கிறது குறையும்போது யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவு எடுக்க வேண்டிய நிலைமைக்கு ஒரு குடும்பத்தைத் தள்றோமே அதுதான் இங்க பிரச்சனை.

பங்களாதேஷ் 1998 வெள்ளமும் இங்க சொல்லியாகணும். நாட்டோட மூணுல ரெண்டு பங்கு தண்ணிக்குள்ள போச்சு, அதுவும் ரெண்டு மாசத்துக்கு மேல. ஆனா எல்லாரும் பயந்த மாதிரி பெரிய பஞ்சம் வரல, தனியார் வியாபாரிங்க இந்தியாவுல இருந்து அரிசி இறக்குமதி பண்ண அரசாங்கம் வழிவிட்டுது, விலை கட்டுக்குள்ள இருந்துது, உணவுக் கொள்கை பேசறவங்க இன்னைக்கும் இதை ஒரு வெற்றியாதான் சொல்றாங்க, சரிதான், உயிர்கள் பிழைச்சுது. ஆனா சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் 700-க்கு மேற்பட்ட குடும்பங்களை வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல திரும்பத் திரும்ப போய் பாத்துது. ஏழைக் குடும்பங்க கடன் வாங்கித்தான் சாப்பிட்டிருக்காங்க, அந்தக் கடன் தண்ணி வடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சும் தீரல, அதைக் கட்டறதுக்காக மறுபடி சாப்பாட்டுச் செலவுல கை வைக்க வேண்டியதாச்சு. வெள்ளத்துல மாட்டின சின்னக் குழந்தைங்களால மாட்டாத குழந்தைங்களோட வளர்ச்சியை எட்டிப் பிடிக்கவும் முடியல. நாடு தப்பிச்சுது, சந்தை தப்பிச்சுது, குழந்தையோட உடம்பு மட்டும் கணக்குல வராம போச்சு.

இது சாப்பாட்டுப் பக்கம். நோய்ப் பக்கம் இதைவிட மோசம்னு கூட சொல்வேன்.

வெள்ளம் வந்தா கக்கூஸ் தண்ணியும் குடிதண்ணியும் ஒண்ணாகுது. குழந்தைக்கு வயித்துப்போக்கு வருது, பசி போயிடுது, சாப்பிட்டதும் உறிஞ்சப்படாம வெளிய போகுது, காய்ச்சல் வந்தா ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் உடம்புக்குத் தேவையான சக்தி சுமார் 10 சதவீதம் கூடுது, அந்த நேரத்துல பாத்து குழந்தை வாயைத் திறக்காது. ஒரு தடவை வந்து போனா உடம்பு தேறிடும். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்துகிட்டே இருந்தா தேறறதுக்கே இடைவெளி கிடைக்காது. சத்து குறைஞ்சா எதிர்ப்பு சக்தி குறையும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சா நோய் வரும், நோய் வந்தா சத்து இன்னும் குறையும், இந்த சுழல்ல மாட்டினா வெளிய வர்றது கஷ்டம். 2022-ல பாகிஸ்தான்ல 3.3 கோடி பேரைப் பாதிச்ச வெள்ளத்துல சிந்து மாகாணத்துல தண்ணி மாசக்கணக்குல தேங்கி நின்னுது, அதோட மலேரியாவும் சேர்ந்துகிச்சு, மலேரியா ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கற நோய், ரத்தசோகை இருக்கிற குழந்தையை இன்னும் கீழ இழுத்துடும்.

வயித்துப்போக்கே வராம இருந்தா கூட அசுத்தமான சூழல்ல தவழற குழந்தையோட குடல்ல வேற ஒண்ணு நடக்குதுன்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க. கிருமிங்க தொடர்ந்து உள்ள போய்கிட்டே இருக்கிறதால குடலோட உட்சுவர்ல இருக்கிற சத்தை உறிஞ்சற மெல்லிய விரல் மாதிரியான பகுதிங்க தேய்ஞ்சு தட்டையாகிடுது, குடல் எப்பவும் லேசான அழற்சியிலயே இருக்கு, சாப்பாட்டுல இருந்து வர்ற சக்தி வளர்றதுக்குப் போகாம கிருமியோட சண்டை போடறதுக்குப் போகுது. வெளிய எந்த அறிகுறியும் இருக்காது. அதனாலதான் சில குழந்தைங்க நல்லா சாப்பிட்டும் வளர மாட்டேங்குது. அப்போ கக்கூஸ் கட்டிக் கொடுத்து, கை கழுவச் சொல்லிக் கொடுத்து, தண்ணியில குளோரின் போட்டா சரியாகிடுமான்னு பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே மூணு நாட்டுலயும் பெரிய அளவுல சோதனை பண்ணாங்க, 2018-19ல முடிவு வந்துது, இந்த அடிப்படை வசதிங்களால மட்டும் குழந்தைங்க உயரம் கூடல. பங்களாதேஷ்ல வயித்துப்போக்கு குறைஞ்சுது, ஆனா உயரம் மாறல, சத்து உணவு கொடுத்த இடங்கள்ல சின்ன முன்னேற்றம் தெரிஞ்சுது. இதை வச்சு சுத்தம் தேவையில்லன்னு முடிவு பண்றது தப்பு. இந்த சின்ன அளவு சுத்தம் போதாது, குழாய்ல வர்ற நல்ல தண்ணி, சரியான கழிவுநீர் வசதி, ஆடு கோழி எச்சம் படாத தரை, இந்த அளவுக்குப் போகணும்னுதான் நான் இதைப் புரிஞ்சுக்கறேன். பேரிடர் வர்ற பகுதியில இதைக் கட்டினாலும் அடுத்த வெள்ளத்துல அடிச்சுட்டு போயிடுதேங்கறதுதான் பெரிய சோகம்.

மூணாவது, கவனிப்பு. இதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்ல. ஒன்பது மாசக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை உக்காந்து ஊட்டணும், நடுவுல தாய்ப்பால் கொடுக்கணும், பெரியவங்க சாப்பாட்டை அப்படியே போட முடியாது, மசிக்கணும், கெட்டியா பண்ணணும், பொறுமையா ஊட்டணும். இதுக்கு அடுப்பு வேணும், விறகோ கேஸோ வேணும், சுத்தமான பாத்திரம் வேணும், எல்லாத்துக்கும் மேல அம்மாவுக்கோ பாட்டிக்கோ நேரமும் மனசும் வேணும். முகாம்ல இருக்கிற ஒரு அம்மாவுக்கு இதுல எது இருக்கும்? நூறு பேர் நடமாடற ஹால்ல மறைவே இல்லாம எப்படி தாய்ப்பால் கொடுப்பாங்க? நிவாரண முகாம்ல ஒரு மூலையில துணி கட்டி தாய்மார்களுக்குன்னு தனி இடம் விடறதுக்கு பெருசா செலவே ஆகாது, ஆனா அது பல இடத்துல திட்டத்துலயே இருக்கிறதில்ல. நோய் வந்தாலும் இதே கதைதான். 1998-ல மிட்ச் புயல் அடிச்ச நிகரகுவாவுல ஆராய்ச்சி பண்ணப்போ, புயல் தாக்கின பகுதியில குழந்தைங்க சத்துக்குறைவு கூடினதோட, நோய் வந்த குழந்தையை டாக்டர் கிட்ட கூட்டிட்டு போறதும் குறைஞ்சிருந்துது.

தாய்ப்பால் பத்தி கொஞ்சம் அதிகமா சொல்லணும், ஏன்னா நல்ல எண்ணத்தோட உதவி பண்றவங்களே இங்க தப்பு பண்றாங்க. அதிர்ச்சியில பால் வத்திடும்னு ஒரு நம்பிக்கை எல்லா ஊர்லயும் இருக்கு. பயம், மன அழுத்தம் இருந்தா பால் சுரந்து இறங்கறது கொஞ்ச நேரம் தடைபடலாம், ஆனா உற்பத்தி நின்னு போறதில்ல, குழந்தையை அடிக்கடி மார்புல போட்டுகிட்டே இருந்தா திரும்ப வந்துடும், அம்மா ஓரளவு சரியா சாப்பிடாம இருந்தா கூட பால் வரும். இது தெரியாம அம்மா பயப்படறாங்க, அதே நேரத்துல லாரியில பால் பவுடர் டின் வந்து இறங்குது. 2006 மே மாசம் இந்தோனேசியாவுல யோக்யகர்த்தா பகுதியில நிலநடுக்கம் வந்து 5,700 பேருக்கு மேல செத்தாங்க, அப்புறம் குழந்தைப் பால் பவுடர் கட்டுப்பாடே இல்லாம விநியோகமாச்சு, ஏற்கனவே தாய்ப்பால் குடிச்சிட்டிருந்த குழந்தைங்களுக்கும் போச்சு. அப்புறம் ஆய்வு பண்ணி பாத்தப்போ நன்கொடையா வந்த பவுடர் கிடைச்ச ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தைங்கள்ல 25.4 சதவீதத்துக்கு வயித்துப்போக்கு, கிடைக்காத குழந்தைங்கள்ல 11.5 சதவீதம்தான். பவுடர் கெட்டதுங்கறதில்ல விஷயம், அதைக் கரைக்கிற தண்ணியும், கழுவாத பாட்டிலும்தான் காரணம். அதோட ரெண்டு வாரம் பாட்டில் பழகின குழந்தை மார்பை மறந்துடும், அம்மாவுக்குப் பாலும் குறையும், அப்புறம் இலவச டின் நின்னு போகும், காசு கொடுத்து வாங்க முடியாது, தண்ணியை அதிகமா கலப்பாங்க. தாயை இழந்த குழந்தை, ஏற்கனவே பவுடர்லயே வளர்ற குழந்தை இவங்களுக்கு பவுடர் கண்டிப்பா வேணும், ஆனா ஒவ்வொரு குழந்தையா பாத்து, சுத்தமான தண்ணியும் கப்பும் சேர்த்து, தேவைப்படற காலம் முழுக்க கொடுக்கணும். பேரிடர் நேரத்துல பவுடர், பாட்டில் நன்கொடை கேக்கவும் கூடாது வாங்கவும் கூடாதுன்னு சர்வதேச வழிகாட்டுதலே இருக்கு. அந்தக் காசை அம்மாவுக்கு சாப்பாடா கொடுத்தா அது குழந்தைக்குத்தான் போய் சேரும்.

இவ்வளவு நேரம் ஒரு பேரிடரைப் பத்திதான் பேசினோம். அடிக்கடி வர்ற இடத்துல வாழறதுங்கறது வேற ஒரு வாழ்க்கை. ஒடிசாவுல ஜகத்சிங்பூர் மாவட்டத்துல 2006, 2008 வெள்ளத்துக்கு அப்புறம் ஆய்வாளர்கள் வெள்ளம் வந்த கிராமங்களையும் பக்கத்துல வராத கிராமங்களையும் ஒப்பிட்டாங்க. வெள்ளம் வந்த கிராமத்துக் குழந்தைங்க கிட்ட வளர்ச்சி குன்றலும் எடைக்குறைவும் தெளிவா அதிகம், அதுலயும் பிறந்து முதல் வருஷத்துக்குள்ளயே வெள்ளத்தைப் பாத்த குழந்தைங்களுக்குத்தான் ரொம்ப மோசம். ஒரு ஊர்ல ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளம் வந்தா, அங்க பிறக்கிற கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையோட 1000 நாளுக்குள்ளயும் ஒரு வெள்ளம் விழுந்துடும், தப்பிக்கிற வயசுன்னு ஒண்ணே இல்லாம போயிடும்.

குடும்பமும் அதுக்கேத்த மாதிரி மாறிடுது. எப்போ போகுமோங்கற பயத்துல மாடு கோழி வளர்க்கறதைக் குறைச்சுக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் வித்து வித்து மறுபடி வாங்க கையில காசு இருக்கிறதில்ல, காய்கறித் தோட்டம் போட மாட்டாங்க, கடன் மேல கடன், அப்பா வெளியூர் வேலைக்குப் போயிடுவார் சில வீட்டுல அம்மாவும் போயிடுவாங்க, குழந்தை வயசான பாட்டி கிட்ட. கடலோரமா இருந்தா புயல் அலையில வந்த உப்பு மண்ணுலயும் கிணத்துலயும் வருஷக்கணக்கா தங்கிடுது, பங்களாதேஷ் தென்மேற்குக் கடலோரத்துல உப்புத் தண்ணி குடிக்கிற கர்ப்பிணிகள் கிட்ட ரத்த அழுத்தம் அதிகமா இருக்கறதை ஆய்வுகள் காட்டியிருக்கு, கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறினா குழந்தை குறைமாசத்துலயோ குறைஞ்ச எடையிலயோ பிறக்கிற வாய்ப்பு கூடும். அதாவது அந்தக் குழந்தை ஓட்டத்தைத் தொடங்கறதே பின்னாடி இருந்துதான். சின்ன வயசுல வளர்ச்சி குன்றின பொண்ணு நாளைக்கு அம்மா ஆகும்போது அவளுக்கும் எடை குறைஞ்ச குழந்தை பிறக்கிற வாய்ப்பு அதிகம், ஒரு வெள்ளத்தோட பாதிப்பு அந்த வெள்ளத்தையே பாக்காத பேரக் குழந்தை வரைக்கும் போகுது.

சத்துக் கோளாறுன்னா எப்பவும் மெலிவுன்னு மட்டும் நினைச்சுக்க வேணாம். ஜப்பான்ல 2011 மார்ச்ல நிலநடுக்கம், சுனாமி, அணு உலை விபத்து மூணும் சேர்ந்து வந்த புகுஷிமாவுல கதிர்வீச்சு பயத்துல குழந்தைங்க வெளிய விளையாடறதைக் கட்டுப்படுத்தினாங்க, அதுக்கப்புறம் அங்க உடல் பருமன் கூடிச்சு. பணக்கார நாட்டுல பாக்கெட் சாப்பாட்டுக்குக் குறைவில்ல, ஓடி ஆட இடமில்ல.

என்ன பண்ணா பாதிப்பு குறையும்னு பாத்தா, எல்லாத்தையும் விட நேரம்தான் முக்கியம். வறட்சி மெதுவா வர்ற பேரிடர், மாசக்கணக்கா எச்சரிக்கை கிடைக்கும், இருந்தும் சோமாலியாவுல 2010 கடைசியிலயும் 2011 முதல் பாதியிலயும் மழை பொய்ச்சு, குழந்தைங்க சாவு ஏற ஆரம்பிச்ச பிறகு 2011 ஜூலை 20 அன்னைக்குத்தான் ஐநா பஞ்சம்னு அறிவிச்சுது. அப்புறம் கணக்கு போட்டப்போ சுமார் 2,58,000 பேர் இறந்திருந்தாங்க, அதுல 1,33,000 பேர் அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைங்க. இதுக்கு நேர் எதிரா 2020 ஜூலைல பங்களாதேஷ்ல ஜமுனா ஆத்துல வெள்ளம் வரப்போகுதுன்னு முன்கணிப்பு வந்ததும், தண்ணி உச்சத்தைத் தொடறதுக்கு முன்னாடியே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மொபைல்ல 4,500 டாக்கா (பங்களாதேஷ் பணம்) போட்டாங்க. அப்புறம் பணம் கிடைச்ச குடும்பத்தையும் கிடைக்காத குடும்பத்தையும் ஒப்பிட்டு பாத்தாங்க, பணம் கிடைச்சவங்க வெள்ள நேரத்துல ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருக்கிற வாய்ப்பு 36 சதவீதம் குறைவு, மூணு மாசம் கழிச்சும் குழந்தைங்க சாப்பாடு அவங்க வீட்டுல கொஞ்சம் மேலாதான் இருந்துது. தொகை சின்னதுதான், ஆனா மாட்டை வேற இடத்துக்கு ஓட்டிட்டு போக, சாமான் வாங்கி வச்சுக்க, வட்டிக்கு வாங்காம இருக்க அந்த நேரத்துல அது போதுமானதா இருந்திருக்கு. என்னைக் கேட்டா அடிக்கடி பேரிடர் வர்ற எல்லாப் பகுதியிலயும் ரெண்டு வயசுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி இருக்கிற வீட்டோட பட்டியலை முன்னாடியே தயாரா வச்சுகிட்டு, முன்கணிப்பு வந்ததும் தானா பணம் போற மாதிரி பண்றதுதான் முதல் வேலை.

நிவாரணப் பொட்டலமும் மாறணும். அரிசி, எண்ணெய், மெழுகுவர்த்தி போடற பையில ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குன்னு தனியா எதுவும் இருக்கிறதில்ல, சத்து சேர்த்த இணை உணவு, ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை இருக்கணும். வயித்துப்போக்கு வந்தா ஓஆர்எஸ் உடம்புல தண்ணி குறையாம பாத்துக்கும், கூடவே துத்தநாகம் ஆறு மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு தினமும் 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் கொடுத்தா சீக்கிரம் நிக்கறதோட அடுத்த சில மாசத்துக்கு திரும்ப வர்றதும் குறையும், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-லயே சொன்னது இது. நெரிசலான முகாம்ல தட்டம்மை பரவினா சத்து குறைஞ்ச குழந்தையைக் கொன்னுடும், அதனால தட்டம்மை தடுப்பூசியையும் வைட்டமின் ஏ-யையும் முதல் வாரத்துலயே பாக்கணும். ரொம்ப மெலிஞ்ச குழந்தைக்கு இப்போ நிலக்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, சத்துக்கள் சேர்த்த பேஸ்ட் இருக்கு, 92 கிராம் பாக்கெட்ல 500 கலோரி, தண்ணி கலக்க வேணாம் சமைக்க வேணாம், வேற சிக்கல் இல்லாத குழந்தையை ஆஸ்பத்திரியில படுக்க வைக்காம வீட்டுலயே வச்சு தேத்திடலாம்.

அப்புறம் அளக்கறது. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் குழந்தையோட மேல் கை நடுவுல சுத்தற ஒரு கலர் நாடா இருக்கு, 115 மில்லிமீட்டருக்குக் கீழ போனா சிவப்பு, உடனே சிகிச்சை, 115-ல இருந்து 125 வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல பச்சை. அம்மாங்களுக்கே சொல்லிக் கொடுத்தா அவங்களே சரியா அளந்துடறாங்க, சுகாதார ஊழியர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், ரோடு துண்டிச்சு போன இடத்துல இது ரொம்ப உதவி. ஆனா இந்த நாடா மெலிவைத்தான் காட்டும், வளர்ச்சி குன்றறதைக் காட்டாது, அதுக்கு குழந்தையோட நீளத்தை ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதி வச்சுகிட்டே வரணும், நிவாரணக் குழுவெல்லாம் கிளம்பிப் போன பிறகும் குறைஞ்சது ரெண்டு வருஷத்துக்கு. அந்த அளவெல்லாம் எழுதின அட்டை வெள்ளத்துல போயிட்டா முன்னாடி எப்படி வளந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதனால ரேஷன் கார்டு, நிலப்பத்திரம் வைக்கிற அதே பிளாஸ்டிக் கவர்ல குழந்தையோட தடுப்பூசி அட்டையையும் வளர்ச்சி அட்டையையும் போட்டு வச்சுக்கோங்க, போட்டோ எடுத்து மொபைல்லயும் வச்சு, சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் அனுப்பிடுங்க.